மறியற்சாலையின் இரண்டாந் தீர்ப்பு

இருவர் ஒரே குற்றத்தைச் செய்கின்றனர். ஒரே நீதிபதியின் முன் நிறுத்தப்படுகின்றனர். ஒரே சட்டப் பிரிவின் கீழ் ஒரே காலத் தண்டனை பெற்று, ஒரே வண்டியில் ஏறி, ஒரே மறியற்சாலைக்குப் போய்ச் சேருகின்றனர். இதுவரை சமத்துவம் பழுதின்றி நடந்தேறிவிட்டது. மறியற்சாலையின் வாயிலிலே இடாப்பைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும் எழுதுவினைஞர் ஒரு கேள்வி கேட்கின்றார்: "என்ன சாதி?" இக்கேள்விக்குச் சொல்லப்படும் விடையோடு இரண்டாவது வழக்கொன்று தொடங்கி, அந்தக் கணத்திலேயே முடிந்தும் விடுகின்றது. அதற்குச் சாட்சி இல்லை, சட்டத்தரணி இல்லை, மேன்முறையீடும் இல்லை. ஒருவர் குசினிக்குப் போகின்றார். மற்றவர் மலக்கூடத்துக்குப் போகின்றார்.

இந்த இரண்டாந் தீர்ப்பு யாரோ ஒரு காவலனின் துர்ப்புத்தியால் ஒளிவுமறைவாக நிகழ்ந்ததென்று எண்ணிவிடலாகாது. இந்தியாவின் பல மாநிலங்களில் அது அச்சேறிய விதி. அரசாங்க முத்திரை பெற்ற விதி. 2024ஆம் ஆண்டு ஒக்டோபர் 3ஆந் திகதி, இந்திய உச்ச நீதிமன்றத்தின் அன்றைய பிரதம நீதியரசர் சந்திரசூட், நீதியரசர்கள் பர்திவாலா, மனோஜ் மிஸ்ரா ஆகிய மூவர் கூடி அவற்றைச் செல்லாதன என்று தள்ளினர். அதுவரை அவை சட்டப் புத்தகத்திலே சீவித்திருந்தன. தீர்ப்பைப் போற்றிப் பாராட்டுரைகள் பல வந்துவிட்டன. பாராட்டுரைகளில் நமக்கு அத்துணைச் சிரத்தை இல்லை. அத்தீர்ப்பு நிலைநாட்டிய தத்துவம் யாது, அது யாரைக் கூண்டில் ஏற்றுகின்றது, கூண்டில் ஏறவேண்டியவர் எவ்வாறு நழுவிப் போகப் பார்க்கின்றனர் என்பனவே நமது விசாரணைக்குரியன.

முதலில் விதிகளைப் பார்ப்போம். உத்தரப் பிரதேசத்தின் சிறைவிதிக் கோவை, வெறுங்காவல் தண்டனை பெற்றவனிடம் இழிந்த தொழில் எதனையும் வாங்கலாகாது என்கின்றது. மனிதாபிமானம் ததும்பும் வாசகம்! ஆனால் வாக்கியம் அங்கே முடியவில்லை. அத்தகைய தொழிலைச் செய்து பழகிய வகுப்பைச் சேர்ந்தவனாயின் வாங்கலாம் என்று அது மேலே செல்கின்றது. மேற்கு வங்காளத்தின் விதி இன்னும் வெளிப்படையானது. உணவைச் 'தகுந்த சாதி'க் கைதிகள் சமைத்து எடுத்துச் செல்லவேண்டும். துப்புரவு செய்வோரை மேத்தர், ஹாரி, சண்டாளர் முதலிய சாதிகளிலிருந்து தெரிந்தெடுக்கவேண்டும். இருக்கின்ற சமையற்காரரின் கையால் உண்ணமாட்டாத அளவு உயர்ந்த சாதிக் கைதி ஒருவன் வந்துவிட்டால் அவனையே சமையற்காரனாக நியமிக்கவேண்டும்! திருடியதற்காக உள்ளே வந்தவனுடைய ஆசாரத்துக்கு அரசாங்கம் காவல் நிற்கின்றது. அவனுடைய திருட்டு அவனுடைய தூய்மையைக் கெடுக்கவில்லை. அடுத்தவனுடைய கை பட்ட சோறுதான் கெடுக்கும்.

இவ்விதிகளை நீதிமன்றத்தின் முன் கொண்டுவந்தது எந்தக் கட்சியும் அன்று. எந்தச் சட்டசபையும் அன்று. சுகன்யா சாந்தா என்னும் பத்திரிகையாளர் 2020ஆம் ஆண்டில் மறியற்சாலைகளிற் சாதிவாரி வேலைப் பகிர்வு பற்றி எழுதினார். அதைக் கண்ட இராசத்தான் உயர் நீதிமன்றம் தானாகவே விடயத்தைக் கையிலெடுக்க, அம்மாநிலம் தனது விதியை மாற்றிக்கொண்டது. ஏனைய மாநிலங்கள் அசையவில்லை. ஆகவே அவர் தாமே வழக்காளியாகி உச்ச நீதிமன்றத்தின் படியேறினார். ஆயிரம் பக்க அறிக்கைகளை எழுதிக் குவித்த ஆணைக்குழுக்களின் கண்ணுக்குப் படாதது ஒரு நிருபரின் கண்ணுக்குப் பட்டது என்பதை எழுத்தாளராகிய நாம் சற்றுப் பெருமையோடு குறித்துக்கொள்ளலாம்.

தீர்ப்பு வந்ததும் கனவான்கள் சிலர் ஆயத்தமாக வைத்திருந்த விடை ஒன்றுண்டு. 'இவையெல்லாம் வெள்ளைக்காரன் எழுதிவைத்துப் போன விதிகள். சுதந்திர நாட்டுக்கு இந்த மாசு ஒட்டாது' என்பது அது. வெள்ளைக்காரனுக்கு வக்காலத்து வாங்குவது நமது நோக்கமன்று. ஆயினும் பொய்யை எதிர்ப்பதற்குப் பொய்யைத் துணைக்கழைக்க முடியாது. ஆண்டுகளைப் பாருங்கள். இந்திய அரசியல் யாப்பு நடைமுறைக்கு வந்தது 1950 சனவரி 26இல். நீதிமன்றத்தின் ஆய்வுக்கு வந்த கோவைகளில் கேரளத்தினது 1958ஆம் ஆண்டுக்குரியது. மேற்கு வங்காளத்தினது 1967; ஆந்திரத்தினது 1979; தமிழ்நாட்டினது 1983; மத்தியப் பிரதேசத்தினது 1987. நாம் மேலே காட்டிய உத்தரப் பிரதேச விதி 2022ஆம் ஆண்டிலே புதுக்கி வெளியிடப்பட்ட கோவையில் உள்ளது. 2022இல் எந்த வெள்ளைக்காரன் இலக்னோவில் உட்கார்ந்து எழுதினான்?

வெள்ளைக்காரன் காலத்துக் கதையையே எடுத்தாலும் அது இக்கனவான்களுக்குத் துணை செய்யாது. 1840களிலே கும்பினி ஆட்சி, சிக்கனத்தையும் கட்டுப்பாட்டையும் கருதி, மறியற்சாலைகளிற் பொதுக் குசினியைப் புகுத்த முற்பட்டது. சமத்துவ ஆசையால் அன்று. தனித்தனி அடுப்பு மூட்டினால் விறகும் நேரமும் வீணாகின்றனவே என்ற கணக்கினால். அதை எதிர்த்துப் பீகார்ப் பக்கத்து மறியற்சாலைகளிற் கலகம் மூண்டது. ஊர்ப் பிரமுகர்களும் கைதிகளின் ஆசாரத்துக்காகக் கண்ணீர் வடித்தனர். ஆட்சி பின்வாங்கியது. பின்னர் இறுதியான முடிவு என்ன? சாதியையே மறியற்சாலை நிருவாகத்தின் கருவியாக்கிக்கொண்டது. சமையலுக்கு ஒரு சாதி, மலவாளிக்கு ஒரு சாதி என்று வகுத்துவிட்டால் காவலனுக்கு வேலை சுலபம். ஆளவந்த அந்நியனும் ஆளப்பட்ட உயர்சாதியானும் கூட்டாகச் செய்த காரியம் இது. ஒரு பங்காளி கப்பலேறிப் போய்விட்டான் என்பதற்காக மற்றப் பங்காளி குற்றமற்றவனாகிவிட மாட்டான்.

இவ்விடத்திலே நமது முகாமைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமற் போவது கோழைத்தனமாகும். கேரளத்தின் சிறைவிதிகள் 1958ஆம் ஆண்டுக்குரியன என்றோம். 1957 ஏப்ரிலிலிருந்து 1959 யூலை வரை அங்கு ஆட்சியிலிருந்தது நம்பூதிரிபாடு தலைமையிலான பொதுவுடைமை மந்திரிசபை. வங்காளத்திலே 1977 தொடக்கம் 2011 வரை முப்பத்துநான்கு ஆண்டுகள் இடதுசாரி அணி ஆண்டது. நிலச் சீர்திருத்தம் செய்தது. பஞ்சாயத்துகளுக்கு உயிர் கொடுத்தது. அவற்றை நாம் மறுக்கவில்லை. ஆனால் 'தகுந்த சாதி'ச் சமையற்காரன் அந்த முப்பத்துநான்கு ஆண்டுகளும் விதிப் புத்தகத்திலே அசையாமல் வீற்றிருந்தான். வர்க்கப் போராட்டம் முற்றியதும் சாதி தானாக உதிர்ந்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்த தோழர்கள், தம் கைக்குள் இருந்த ஒரு புத்தகத்தின் ஒரு பக்கத்தைக் கிழித்தெறிவதற்கு எந்தப் புரட்சிக்காகக் காத்திருந்தனர்? அடியிலுள்ளது மாறினால் மேலுள்ளது மாறும் என்பது மெய்யே. அதற்காக மேலுள்ள குப்பையைக் கூட்டக்கூடாது என்று எவரும் விதிக்கவில்லை.

தீர்ப்பின் உயிர்நிலை எங்கே இருக்கின்றது? இந்திய அரசியல் யாப்பின் 17ஆம் உறுப்புரை தீண்டாமையை ஒழித்துவிட்டதாகக் கூறுகின்றது. தீண்டாமை யாது என்று யாப்பு வரையறை செய்யவில்லை. அதனால் பொதுமக்கள் மனத்திலும், பல வேளை வழக்கறிஞர் மனத்திலுங்கூட, அச்சொல் கோயில் வாயில், கிணற்றடி, தேநீர்க்கடைக் குவளை என்ற சில காட்சிகளோடு நின்றுவிட்டது. தொடவிடாமல், நுழையவிடாமல், அருகில் வரவிடாமல் தடுப்பதே தீண்டாமை. வேலையைப் பிரித்துக் கொடுப்பது நிருவாகம் என்பது எண்ணம். இந்த வேலியைத்தான் தீர்ப்பு பிடுங்கி எறிந்தது. ஒரு தொழிலை 'இழிந்தது' என்று பெயரிடுவதும், அது இன்னாருக்குப் பிறப்பால் உரியது என்று ஒதுக்குவதும், சோறாக்கத் தகுந்த கை எது, தகாத கை எது என்று பிரிப்பதும் தீண்டாமையின் விளைவுகள் மாத்திரமல்ல; அவையே தீண்டாமை. அந்தப் பழக்கத்தை அரசு தடுக்காமலிருந்தால் அதற்குச் சாந்து பூசி உறுதியாக்கியதாகும் என்பது நீதிமன்றத்தின் கருத்து.

'பழகிய வகுப்பு' என்ற சொல்லை நாம் சற்று உருட்டிப் பார்க்கவேண்டும். பழக்கம்! மனிதன் எதற்குத்தான் பழகவில்லை? பசிக்குப் பழகியவன் உண்டு. அடிக்குப் பழகியவன் உண்டு. ஆயிரம் ஆண்டு ஒருவனுடைய கையில் விளக்குமாற்றைத் திணித்துவிட்டு, அவன் அதைப் பிடிக்கும் இலாவகத்தைக் கண்டு, 'பார், இது இவனுக்குக் கைவந்த தொழில்' என்று வியக்கும் தர்க்கம் இது. இதே தர்க்கத்தின்படி, ஊரை ஏய்த்துக் கணக்கெழுதிப் பழகியவர்களை மறியற்சாலையின் கணக்கறையில் இருத்தவேண்டும் அல்லவா? உண்மையில் அப்படித்தான் இருத்தினார்கள் என்பது வேறு கதை.

உழைப்பைப் பற்றிய 23ஆம் உறுப்புரையையும் நீதிமன்றம் இதனோடு கோத்தது. நமது மதிப்பில் இதுவே தீர்ப்பின் மிக வலிய கண்ணி. கட்டாய உழைப்பு குற்றம் என்கின்றது அந்த உறுப்புரை. 1982ஆம் ஆண்டில், ஆசிய விளையாட்டு விழாவுக்காகத் தில்லியிற் கட்டடம் எழுப்பிய தொழிலாளரின் வழக்கிலே, நீதியரசர் பகவதி ஒரு பெரிய கதவைத் திறந்துவைத்தார். துப்பாக்கி முனையில் வாங்குவது மட்டும் கட்டாயமன்று; வறுமையால் வேறு வழியின்றி, சட்டம் வகுத்த குறைந்தபட்சக் கூலிக்கும் தாழ்ந்த கூலிக்கு ஒருவன் உழைக்க நேர்ந்தால் அதுவுங் கட்டாய உழைப்பே என்றார். 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு அக்கதவின் வழியே மேலும் ஓர் அடி வைத்தது. பிறப்பைக் காரணமாகக் காட்டி, தெரிவுக்கு இடமின்றி, அசுத்தமென்று கருதப்படும் வேலையை ஒருவன்மேற் சுமத்துவதும் கட்டாய உழைப்பு என்றது.

கடுங்காவற் கைதியிடம் வேலை வாங்க அரசுக்கு அதிகாரம் உண்டே என்று கேட்பார் உண்டு. உண்டுதான். பொதுநன்மைக்காக அரசு கட்டாயச் சேவை வாங்குவதை 23ஆம் உறுப்புரையின் இரண்டாம் பகுதியும் அனுமதிக்கின்றது. ஆனால் அவ்வாறு வாங்குமிடத்து மதம், இனம், சாதி, வர்க்கம் பற்றிய வேறுபாடு காட்டலாகாது என்று அதே வாக்கியம் கட்டளையிடுகின்றது. மலக்கூடம் கழுவத்தான் வேண்டும் என்றால் முறைவைத்து எல்லாரும் கழுவட்டும். அகர வரிசையிற் பெயரழைத்துக் கழுவட்டும். அதிலே எவருக்கும் ஆட்சேபம் இராது. ஆட்சேபிப்பவர் யார் என்பதைக் கொண்டே நோயின் இருப்பிடம் தெரிந்துவிடும்.

சிறை உலகின் மற்றொரு பெரும் பாவத்தையும் தீர்ப்பு தொட்டது. ஆயின் தொட்ட அளவுக்கு அதனை அது துடைக்கவில்லை என்பது நமது குறை. 1871ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. தாயின் வயிற்றிலிருந்து விழும் குழந்தையே குற்றவாளி என்று கூட்டங் கூட்டமாக மக்களைப் பதிவு செய்த சட்டம் அது. பதிவுக்கு உடன்பட மறுத்த கள்ளர் சமூகத்தவர்மீது மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரில் 3ஆந் திகதி நடந்த துப்பாக்கிப் பிரயோகத்தைத் தமிழ் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1952இல் அச்சட்டம் இந்தியா முழுவதும் நீக்கப்பட்டது. நீக்கப்பட்ட கையோடு, 'வழக்கக் குற்றவாளி' என்ற புதுச் சட்டையை மாநிலங்கள் தைத்தன. பழைய உடல் அதனுள்ளே புகுந்துகொண்டது. மத்தியப் பிரதேச விதியின்படி, பழைய பட்டியலிலிருந்து விடுவிக்கப்பட்ட ஒரு குலத்தில் ஒருவன் பிறந்திருந்தாற் போதும். அரசாங்கம் விரும்பினால் அவனை வழக்கக் குற்றவாளியாகக் கொள்ளலாம். வங்காளத்து விதி இரவுக் காவலுக்குக் கைதிகளைத் தெரியும்போது, அலைந்து திரியும் குலத்தவர் தப்பியோடும் இயல்பினர் என்று விலக்கியது. குற்றப் பரம்பரைச் சட்டம் சாகவில்லை, மறியற்சாலையில் ஒளித்திருந்தது.

இத்தகைய வரைவிலக்கணங்களை நீதிமன்றம் வெட்டி எறிந்தது நன்று. ஆனால் மாநிலச் சட்டசபைகள் இயற்றிய வழக்கக் குற்றவாளிச் சட்டங்களை அது வீழ்த்தவில்லை. இனி அச்சொல் அச்சட்டங்களிலுள்ள பொருளிலேயே ஆளப்படவேண்டும் என்று கூறி நிறுத்திக்கொண்டது. கிளையை வெட்டிய கை வேரடியில் ஏன் தயங்கிற்று? அந்தச் சட்டங்களின் செல்லுபடி அந்த வழக்கில் நேரடியாக எழவில்லை என்று சட்டமறிந்தோர் விடை கூறுவர். விடை சரியாகவே இருக்கலாம். பொலீசார் ஒரு களவு நடந்த மறுநாட் காலையில் எந்தக் குடிசைக் கூட்டத்தைச் சுற்றி வளைக்கின்றனர் என்பதை அந்த விடை மாற்றப் போவதில்லை.

இன்னொரு வாதத்தையும் தீர்ப்பு எதிர்கொண்டது. அது தமிழ் நிலத்திலிருந்தே வந்த வாதம். பாளையங்கோட்டை மத்திய மறியற்சாலையிலே கைதிகள் சாதிவாரியாகத் தனித்தனித் தொகுதிகளில் அடைக்கப்பட்டனர். அதை எதிர்த்து வழக்கு எழுந்தபோது, திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்தில் சாதிச் சண்டைகள் மலிந்துள்ளன. உள்ளேயும் மோதல் நேராமற் காக்கவே இந்தப் பிரிப்பு என்று அதிகாரிகள் சொன்னார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. உச்ச நீதிமன்றம் ஏற்க மறுத்தது. ஒழுங்கு என்ற பீடத்திலே அடிப்படை உரிமையைப் பலியிட முடியாது என்றது. அமெரிக்காவிலே வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் 'தனித்தனி, ஆனாற் சமம்' என்று சொல்லி அரை நூற்றாண்டுக்கு மேல் நியாயப்படுத்திய அதே வாதம் இது என்றும் கண்டுகொண்டது. சண்டை வருமென்று பிரித்து வைக்கின்றார்கள். பிரித்து வைத்ததனால் அடுத்த சண்டைக்கு அணிகள் ஆயத்தமாகின்றன. பெரியாரும் சீவாவும் மேடை மேடையாய் முழங்கிய மண்ணில், பகுத்தறிவின் பெயரால் ஆட்சி மாறி ஆட்சி வந்த மாநிலத்தில், ஒரு மறியற்சாலையைச் சாதித் தெருக்களாக வகுத்துத்தான் அமைதியைக் காக்க முடிந்தது என்றால், அந்த ஒப்புதல் வாக்குமூலம் யாருக்கு வெட்கம்?

இனி இடாப்பு. கைதிகளின் பதிவேட்டிலே சாதிக்கென்று உள்ள நிரலையும், சாதி பற்றிய குறிப்புகளையும் அழித்துவிடும்படி தீர்ப்பு பணித்தது. காவலனின் மேசையிலுள்ள இடாப்பைப் பொறுத்தவரை இதனை முழுமனத்தோடு வரவேற்கின்றோம். அங்கே அந்த நிரல் வேலையைப் பங்கிடும் ஆயுதமாகவே இருந்தது. ஆனால் கணக்கெடுப்போரின் ஏட்டிலிருந்தும் அது மறையவேண்டுமென்று குதூகலிப்பாரோடு நமக்கு உடன்பாடில்லை. 2022ஆம் ஆண்டின் இறுதியிலே இந்திய மறியற்சாலைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவருள் 4,34,302 பேர் விளக்கமறியற் கைதிகள். அதாவது நூற்றுக்கு எழுபத்தைந்து பேருக்கு மேல் இன்னுங் குற்றவாளியென்று தீர்க்கப்படாதவர். இவர்கள் எந்தத் தெருவிலிருந்து வந்தவர்கள், எந்தக் குலத்தில் எத்தனை பேர் பிணை கட்ட வழியின்றிக் கிடக்கின்றார்கள் என்று கேட்பதற்கு அந்தக் கணக்கு வேண்டும். ஒடுக்குவதற்குச் சாதி கேட்பது வேறு. ஒடுக்கப்பட்டவன் எத்தனை பேர் என்று எண்ணுவதற்குக் கேட்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிச் 'சாதியைப் பேசாதே, ஒழிந்துவிடும்' என்று போதிப்பவர், சாதியால் நயமடைந்தவராகவே பெரும்பாலும் இருப்பதை நாம் கண்டு வருகின்றோம்.

தீர்ப்பு மூன்று மாதத் தவணை கொடுத்தது. மத்திய அரசின் உள்துறை அமைச்சு 2024 டிசெம்பர் 30ஆந் திகதி மாதிரிச் சிறைவிதிக் கோவையையும் மாதிரிச் சட்டத்தையும் திருத்தி, சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்யும் வாசகத்தைச் சேர்த்தது. தவணைக்குள் ஒரு காரியம் நடந்தது. ஆயினும் 'மாதிரி' என்பது மாதிரிதான். மறியற்சாலை மாநிலங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது. நடைமுறையோ தலைமைக் காவலனின் நாக்கு நுனியில் உள்ளது. நிரலை அழித்துவிட்டாலும், தந்தையின் பெயரையும் ஊரின் பெயரையும் தெருவின் பெயரையும் கேட்டே சாதியை முகர்ந்தறியும் மூக்கு நமது நாட்டாருக்கு உண்டு. அந்த மூக்கை எந்த நீதிமன்றமும் அரியவில்லை.

இவ்விடத்திலே இலங்கை வாசகர் சிலர் 'இது அக்கரைச் சங்கதி' என்று ஏட்டை மடித்து வைத்துவிடக்கூடும். சற்றுப் பொறுங்கள். நமது நாட்டிலே சாதியின் பேராற் பொது இடங்களிலே தடை விதிப்பது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தினாற் குற்றமாக்கப்பட்டது. அச்சட்டம் பிறந்து பதினொரு ஆண்டு கழிந்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலிலே மக்கள் வந்து நிற்கவேண்டியிருந்தது. அடியும் உதையும் ஏச்சும் பேச்சும் பெறவேண்டியிருந்தது. சட்டம் புத்தகத்தில் இருந்தது; கதவு பூட்டியிருந்தது. நமது நகரசபைகளின் நகரசுத்தித் தொழிலாளரைப் பாருங்கள். ஆங்கிலேயர் காலத்திலே தென்னிந்தியாவிலிருந்து இவ்வேலைக்கென்றே கொண்டுவரப்பட்டோரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அவ்வேலையில் இன்னும் இருக்கின்றார்கள். இன்ன சாதியிலிருந்துதான் ஆளெடுக்கவேண்டும் என்று இங்கே எந்தச் சபையும் எழுதிவைக்கவில்லை. எழுதாமலே நடக்கின்றது. வங்காளத்தான் வெட்கமின்றி அச்சிட்டதை நாம் கெட்டிக்காரத்தனமாக அச்சிடாமல் விட்டோம், அவ்வளவே வேற்றுமை.

தீர்ப்பு வந்துவிட்டது, இனிக் காரியம் தானே நடக்கும் என்று நம்புவோர்க்காகவே இதைச் சொல்ல நேர்ந்தது. மறியற்சாலை மதிலுக்கு வெளியே, இதே தத்துவம் நெடுங்காலமாகப் படும் பாட்டைப் பார்த்தால் அந்த நம்பிக்கைக்கு எவ்வளவு ஆதாரம் உண்டென்பது தெரியும். மனிதன் மலத்தை அள்ளுவதை இந்தியா 1993ஆம் ஆண்டில் ஒரு சட்டத்தால் தடைசெய்தது. அது போதாதென்று 2013இல் மற்றொரு சட்டம் வந்தது. தொழிலாளரின் இயக்கம் 2003இல் தொடுத்த வழக்கிலே பதினொரு ஆண்டு கழித்து, 2014 மார்ச்சு 27ஆந் திகதி, உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: 1993 தொடக்கம் கழிவுநீர்க் குழியில் இறந்த ஒவ்வொருவரின் குடும்பத்துக்கும் பத்து இலட்சம் ரூபா நட்டஈடு. 2023 ஒக்டோபர் 20ஆந் திகதி நீதியரசர்கள் இரவீந்திர பட், அரவிந்த் குமார் ஆகியோர் அந்தத் தொகையை முப்பது இலட்சமாக உயர்த்தினர். இந்தத் தொழிலை அடியோடு ஒழிப்பது அரசின் கடமையென்று கட்டளைகளை நிரைநிரையாக வகுத்தனர். நட்டஈடு உயர்ந்தது நல்லதே. ஆனால் மும்மடங்கு நட்டஈடு என்பது, இனியும் இறப்பார்கள் என்பதை நீதிமன்றமே ஒத்துக்கொண்டதற்கு அடையாளமல்லவா?

அரசாங்கம் இதற்கிடையே ஓர் அற்புதமான சொற்சாமர்த்தியத்தைக் கண்டுபிடித்தது. மலம் அள்ளும் தொழிலால் எவரும் இறக்கவில்லை என்று 2021ஆம் ஆண்டில் நாடாளுமன்றத்திலே விடையிறுத்தது. அப்படியாயின் குழிகளிற் செத்தவர்கள்? அவர்கள் 'ஆபத்தான முறையிற் கழிவுநீர்க் குழாய் துப்புரவு செய்தபோது' இறந்தவர்கள். மலம் அள்ளி இறந்தவர்கள் அல்லர்! 1993இல் ஒழிக்கப்பட்ட தொழில் ஒன்றினால் 2021இல் ஒருவன் எப்படிச் சாகமுடியும்? ஆகவே அவன் சாகவில்லை. வேறு தலைப்பின் கீழே செத்தான். மறியற்சாலை விதிகளில் 'தகுந்த சாதி', 'பழகிய வகுப்பு' என்று எழுதிய அதே பேனாவின் மை இதிலும் ஊறியிருப்பதை இனங்காண்பது கடினமன்று. வேலைக்கு ஆளைப் பிறப்பாற் குறிப்பது ஒரு கை. இறந்த பின்னர் அவனது மரணத்தை வேறு பெயரால் மறைப்பது மற்றக் கை.

இப்போது ஒப்பந்தகாரர் என்ற ஒருவரும் நடுவிலே புகுந்துவிட்டார். நகரசபை ஒப்பந்தகாரரைக் காட்டும், அவர் உப ஒப்பந்தகாரரைக் காட்டுவார், அவர் தலைமறைவாவார். 23ஆம் உறுப்புரையும் 17ஆம் உறுப்புரையும் அரசை மாத்திரமன்றித் தனிமனிதரையும் கட்டுப்படுத்துவன என்று 1982ஆம் ஆண்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டது. ஒப்பந்தம் எத்தனை கை மாறினாலும் பொறுப்புக் கை மாறாது என்பதே இதன் பொருள். 2023ஆம் ஆண்டுத் தீர்ப்பும் வேலையைப் பிறர் கையில் விட்டவர் பொறுப்பையும் விட்டுவிட முடியாதென்று வற்புறுத்திற்று. தத்துவத்திலே ஓட்டை இல்லை. ஓட்டை குழி மூடியிலே இருக்கின்றது. அதனூடே இறக்கப்படுபவன் யாருடைய பிள்ளை என்பதிலே இருக்கின்றது.

2025 சனவரி 29ஆந் திகதி உச்ச நீதிமன்றம் பொறுமை இழந்து, தில்லி, மும்பாய், சென்னை, கல்கத்தா, பெங்களூர், ஐதராபாத் ஆகிய ஆறு பெருநகரங்களிலே மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதையும் கழிவுநீர்க் குழி துப்புரவு செய்விப்பதையும் நிறுத்தவேண்டுமென்று கட்டளையிட்டது. எவ்வாறு, எப்போது நிறுத்தினோம் என்று நகரசபைகளின் தலைமை அதிகாரிகள் பெப்ரவரி 13ஆந் திகதிக்குள் சத்தியக் கடதாசி கொடுக்கவேண்டும் என்றும் பணித்தது. பெப்ரவரி 2ஆந் திகதி, கல்கத்தாவின் புறத்தேயுள்ள பந்தலாத் தோற் தொழில் வட்டாரத்திலே, கழிவுநீர்க் குழியில் இறங்கிய மூன்று தொழிலாளர் இறந்தனர். கட்டளை பிறந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன.